கீழ் வரியில் ஒரு கட்டம்

கல் பட்டறையில் எல்லாரும் அவளைப் புள்ளியக்கா என்றே அழைத்தார்கள். பெயருக்குக் காரணம் உண்மையாகவே ஒரு புள்ளிதான். பல வருடங்களுக்கு முன், ஒரு கல்லறைக் கல் வண்டியில் ஏறிய பிறகு, மெய்யெழுத்து ஒன்றின் தலையில் புள்ளி விழவில்லை என்பதைக் கண்டு, வண்டிக்காரரின் சாவியை வாங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். கல்லை இறக்கிப் புள்ளி வைத்து மறுபடியும் ஏற்றும் வரை சாவி அங்கேயே இருந்தது. பட்டறை அவளுடைய தம்பிக்குச் சொந்தம். பெயரை வைத்தவனும் அவன்தான். கேலிக்கு வைத்தது நிலைத்துவிட்டது. அவளுக்கு அதில் வருத்தமில்லை. யாராவது அதை இரண்டு சொல்லாகப் பிரித்து எழுதினால்தான் வருத்தம்.

அவளுடைய வேலை முறை எளியது. இறந்தவரின் வீட்டார் சொல்வதைக் கணினியில் அடித்து, தாளில் எடுத்து, அவர்கள் கையில் கொடுத்து, "வாய்விட்டு வாசிங்க" என்பாள். மனத்துக்குள் வாசிப்பவர் தமக்குத் தெரிந்ததை வாசிப்பார், வாய்விட்டு வாசிப்பவர்தான் எழுதியிருப்பதை வாசிப்பார் என்பது அவளுடைய முடிவு. வாசித்துக் கையெழுத்துப் போட்ட பிறகு, இயந்திரம் அந்த வடிவத்தை ரப்பர் தாளில் வெட்டும். அந்தத் தாளைக் கல்லில் ஒட்டி மணலைப் பீய்ச்சினால், வெட்டிய இடத்தில் மட்டும் கல் குழியும். மணல் பீய்ச்சுவது மெஷின் அண்ணன் என்று அழைக்கப்பட்டவர். அந்தத் தூசியை இருபது வருடமாக விழுங்கி, பேச்சைவிட இருமலை அதிகமாக வைத்திருந்தவர்.

லிஃப்ட்காரர் அந்தப் பட்டறைக்கு வந்தது மனைவி இறந்த மறு மாதம். ஊரிலுள்ள உயரமான கட்டடங்களின் லிஃப்டுகளைப் பழுது பார்ப்பவர். மனைவி ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் வேலை செய்தவர். கிழக்கே வெகு தூரத்திலிருந்து வேலைக்கு வந்து, இவரைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டவர். அவருடைய தாய்மொழி சீனம். அதைப் படிக்கத் தெரிந்த வேறொருவர் அந்த ஊரில் கிடையாது.

"தமிழ்ல ரெண்டு வரி போதுங்க. பேரு மட்டும் அவ எழுத்துல இருக்கணும். அதுக்குக் கீழே அவங்கம்மா அனுப்பின ஒரு வரி" என்றார் லிஃப்ட்காரர். அவருடைய கம்பெனி எழுத்தர், அந்த அம்மாவின் ஊரிலிருந்த தட்டச்சுக் கடைக்கு ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதிக் கேட்க, கடைக்காரர் அந்த அம்மா சொன்னதை அடித்து ஒரு கணினிக் கோப்பாக அனுப்பியிருந்தார். கூடவே உடைந்த ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு: மேலே மூன்று எழுத்து, பெயர், கீழே எட்டு.

புள்ளியக்கா கோப்பை எடிட்டரில் திறந்தாள். வெறும் எழுத்தை மட்டும் காட்டும் சின்ன எடிட்டர் அது. அலங்காரம் எதுவும் கிடையாது. திரையில் வந்தவை சீன எழுத்துகளும் அல்ல, வேறெந்த மொழியும் அல்ல. தலையில் தொப்பியும் குடுமியும் வைத்த ஆங்கில எழுத்துகள் இரண்டு வரிசையாக நின்றன.

கோப்பு கெட்டுவிட்டது என்று அவள் பதறவில்லை. கோப்புக்குள் இருப்பவை எண்கள். எந்த அட்டவணையை வைத்து எடிட்டர் அவற்றைப் பார்க்கிறதோ அந்த எழுத்து திரையில் வரும். இதைப் பழைய தமிழ்க் கோப்புகளோடு மல்லுக்கட்டிய காலத்திலேயே அவள் கற்றிருந்தாள். இன்னொன்றையும் கற்றிருந்தாள்: தப்பாகத் தெரியும் கோப்பை மறந்தும் சேமிக்கக் கூடாது. எனவே ஒரு நகல் எடுத்துவைத்துக்கொண்டு, மெனுவில் சீன அட்டவணையைத் தேடினாள். இரண்டு இருந்தன. மேலே ஒன்று, கீழே ஒன்று. மேலே இருந்ததைத் தேர்ந்தாள். மேலே இருந்தது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை.

தொப்பிகள் மறைந்தன. அவற்றின் இடத்தில் கட்டங்கள் வந்தன. மேலே மூன்று, கீழே எட்டு, எல்லாமே காலிக் கட்டங்கள்.

தம்பி எட்டிப் பார்த்தான். "என்னக்கா, ஜன்னல் ஜன்னலா இருக்கு? யாரும் எட்டிப் பார்க்கக் காணோமே."

"எழுத்து இருக்குடா. அதை வரையறதுக்கு நம்மகிட்ட எழுத்துரு இல்ல. இறக்கணும்."

இணையத்திலிருந்து இறக்குவதென்றால் தொலைபேசி வழியாகத்தான். பட்டறைக்கு இருந்ததோ ஒரே இணைப்பு. நண்பகல் வரை தம்பி தாங்கிக்கொண்டான்.

"அக்கா, காலையிலேருந்து போன் பிஸியாம். செத்துப்போனவங்க காத்திருப்பாங்க, வீட்டுக்காரங்க காத்திருக்க மாட்டாங்க. எதிர்க் கடைக்குப் போயிடுவாங்க."

"முக்கால் பங்கு இறங்கிடுச்சு. நீ இப்போ ரிசீவரைத் தூக்கினா மறுபடி முதல்லேருந்து. தூக்குறியா?"

அவன் தூக்கவில்லை. பிற்பகலில் எழுத்துகள் வந்தன. கரிய, நெருக்கமான, ஒழுங்கான எழுத்துகள். ஒவ்வொன்றும் தன் சதுரத்துக்குள் அடக்கமாக அமர்ந்திருந்தது. புள்ளியக்கா எண்ணினாள். மேலே மூன்று, குறிப்பும் மூன்று என்றது. கீழே எட்டு, சரி. ஆனால் கீழ் வரியில் ஐந்தாவது மட்டும் இன்னும் காலிக் கட்டமாகவே இருந்தது.

மறுநாள் லிஃப்ட்காரர் வேலைக்கிடையில் வந்தார். தம்பியும் அறையில் நின்றிருந்தான். தோளில் கருவிப் பை, விரல் இடுக்குகளில் கிரீஸ். தாளைக் கையில் எடுக்காமல் மேசை மேலே வைத்தே வாசித்தார். தமிழ் வரிகளை விரலால் தடவித் தடவி வாய்விட்டு வாசித்தார். பிறந்த தேதி, இறந்த தேதி, அன்பு மனைவி. பிறகு விரல் அந்த மூன்று எழுத்துகளுக்கு வந்தது. தொடாமல் சற்று மேலேயே நின்றது. பிறகு தாளின் அடிக்குப் போய்விட்டது.

இதையும் வாசிங்க என்று புள்ளியக்கா சொல்லியிருக்க வேண்டும். அவள் சொல்லவில்லை. அவருடைய கண்ணைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள், பேனாவை நீட்டினாள். இரக்கம் என்று அதற்கு அப்போது பெயர் வைத்துக்கொண்டாள்.

"கீழே ஒரு எழுத்து மட்டும் நம்ம எழுத்துருவுல இல்ல. தேடிப் போட்டுடறேன். மத்ததெல்லாம் சரியாங்க?"

"சரிங்க" என்றார் லிஃப்ட்காரர். கையெழுத்துப் போட்டார். "ஞாயித்துக்கிழமை சொந்தக்காரங்க எல்லாரும் வர்றாங்க. அதுக்குள்ள கல்லு நின்னுடணும்."

புள்ளியக்கா அந்த ஒரு கட்டத்துக்காக வேறொரு எழுத்துருவைத் தேடினாள். அது இறங்க அரை நாள் ஆயிற்று. கட்டம் அசையவில்லை. தட்டச்சுக் கடைக்கு எழுதி, எழுத்துகளைப் படமாக அனுப்பும்படி கேட்டாள்; மின்னஞ்சல் பெட்டி நிரம்பிவிட்டது என்று கடிதம் திரும்பி வந்தது. மூன்றாவதாக ஓர் எழுத்துருவைக் கொண்டுவர, தொலைபேசி சும்மா இருந்த ஓர் உறவினர் வீட்டுக்குப் போனாள். திரும்பி வந்தபோது முற்றத்தில் மணல் பீய்ச்சும் ஓசை கேட்டது.

லிஃப்ட்காரரின் கல் மேடைமேல் நின்றது. தமிழ் வரிகளும் மூன்று எழுத்துகளும் குழிந்திருந்தன. கீழ் வரிக்கான இடம் மட்டும் வழவழப்பாக மின்னியது.

"யார் வெட்டச் சொன்னது?"

மெஷின் அண்ணன் முகமூடியைக் கழற்றி, இருமி, தம்பியைக் கையால் காட்டினார்.

"நான்தான் சொன்னேன்" என்றான் தம்பி. "பேரு சரின்னு அவரே கையெழுத்துப் போட்டுட்டார். கட்டம் கீழ் வரியிலதானே? நீ அதைத் தேடி முடிக்கிறதுக்குள்ள மேல் பாதியாவது முடியட்டுமேன்னு."

"என்னைக் கேட்டிருக்கணும்."

"கேக்கறதுக்கு நீ எங்க இருந்தே? கட்டத்துக்குப் பின்னாடி போயிட்ட."

அவள் அறைக்குள் போய், மூன்றாவது எழுத்துருவை ஏற்றினாள். கட்டம் கட்டமாகவே நின்றது.

அப்போதுதான் முதன்முதலாக அவளுக்குச் சந்தேகம் வந்தது. வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு இடங்களில் உருவாக்கிய மூன்று எழுத்துருக்கள். மூன்றிலும் ஒரே ஓர் எழுத்து, அதே எழுத்து, இல்லை. ஒரு கிழவி தன் மகளின் கல்லுக்குச் சொல்லும் வரியில் அப்படி அபூர்வமான எழுத்து எதற்கு வரப்போகிறது? குறை எழுத்துருவில் இல்லையென்றால் எங்கே இருக்கிறது? அவள் மெனுவைத் திறந்தாள். இரண்டு சீனங்களில் கீழே இருந்ததைச் சொடுக்கினாள்.

வரிகள் இரண்டும் ஒருமுறை துடித்து நின்றன. கட்டம் போயிருந்தது, அங்கே ஓர் எழுத்து அமர்ந்திருந்தது. ஆனால் அது மட்டுமல்ல. மற்ற ஏழும் மாறியிருந்தன. மேலே மூன்றும் மாறியிருந்தன. அதே கருமை, அதே ஒழுங்கு, அதே எண்ணிக்கை. வேறு எழுத்துகள்.

அவள் நாற்காலியில் பின்னால் சாய்ந்தாள். எண்கள் ஒன்றுதான், அட்டவணைகள்தான் இரண்டு. ஒரே கதவு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு வேறொரு தெருவுக்குள் நுழைந்ததைப் போன்றது. அந்தத் தெருவிலும் அந்த எண்ணுக்கு ஒரு வீடு இருந்தது, கதவைத் தட்டினால் யாரோ திறந்தார்கள். பதினொரு வீட்டில் ஒன்றே ஒன்று மட்டும் அந்தத் தெருவில் கிடையாது. அதையும் எழுத்துருவின் குற்றமென்று அவள் நாலு நாள் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தமிழில் ஒரு புள்ளி குறைந்தால் தூக்கம் வராது. இங்கே மூன்று எழுத்தும் முழுதாக வேறாக இருந்தபோது, எண்ணிக்கை சரியாக இருக்கிறது என்று நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

இரண்டையும் இரண்டு தாளில் எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனாள். தம்பி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இதுல எதுக்கா சரி?"

"ரெண்டாவதா இருக்கணும். அதுலதான் கட்டம் இல்ல."

"இருக்கணும்னா? இருக்கா, இல்லையா?"

"முதல்ல எடுத்ததையும் சரின்னுதானே நினைச்சேன்."

தம்பி கல்லைப் பார்த்தான். அது நல்ல கருங்கல். பளபளப்பாக்க மட்டும் இரண்டு நாள் ஆகியிருந்தது. அவன் குரலைத் தாழ்த்தினான். "அக்கா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே. இந்த ஊர்ல இதை வாசிக்கத் தெரிஞ்ச ஒரே ஆளு மண்ணுக்குக் கீழே படுத்திருக்கு. யாருக்குத் தெரியப்போகுது?"

மெஷின் அண்ணன் இருமலை அடக்கிக்கொண்டார். புள்ளியக்கா தம்பியை ஏறிட்டுப் பார்த்தாள். கோபம் வரவில்லை, வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அவன் சொன்னது பொய்யில்லை என்பதுதான் கஷ்டமாக இருந்தது.

"எனக்குத் தெரியுமே" என்றாள். போய் லிஃப்ட்காரருக்குத் தொலைபேசி செய்தாள்.

அவர் வந்தபோது வானம் மூடியிருந்தது. அறையில் பகலிலேயே விளக்கைப் போட வேண்டியிருந்தது. புள்ளியக்கா இரண்டு தாள்களையும் அருகருகே வைத்தாள். தம்பி கதவோரம் நின்றான்.

"இதுல உங்க வீட்டம்மா பேரு எதுங்க?"

லிஃப்ட்காரர் குனிந்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு முதல் தாளைத் தொட்டார். "இதுதாங்க."

"எப்படிச் சொல்றீங்க?"

"அன்னைக்கு இதுலதானே கையெழுத்துப் போட்டேன்."

"அது எனக்கும் தெரியும். உங்களுக்கு எழுத்து தெரியுதா?"

அவர் நிமிரவில்லை. கருவிப் பையின் பட்டையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். தம்பி எதையோ எடுத்துவரப் போவதைப் போல வெளியே போனான். அவன் வாழ்நாளில் செய்த நல்ல காரியங்களில் அது ஒன்று.

"தெரியாதுங்க" என்றார் லிஃப்ட்காரர். "அன்னைக்கே சொல்லியிருப்பேன். உங்க தம்பி நின்னுக்கிட்டிருந்தார். பொண்டாட்டி பேரைக்கூட வாசிக்கத் தெரியாதவன்னு நினைப்பாரேன்னு... அவ நம்ம எழுத்தை ஆறு மாசத்துல கத்துக்கிட்டா. பஸ் போர்டு, கரண்ட் பில்லு, மருந்து டப்பா, எதைப் பார்த்தாலும் சத்தமா வாசிப்பா. தப்பா வாசிச்சா நான் சிரிப்பேன். உன் எழுத்தை எனக்குச் சொல்லிக்குடுன்னு நான் ஒரு நாளும் கேட்டதில்ல. எத்தனை மாடி லிஃப்டா இருந்தாலும் அதோட சர்க்யூட் படத்தைத் தலைகீழா வச்சாக்கூட வாசிப்பேன் நான்."

"அவங்கம்மாகிட்டே போன்ல கேட்க முடியாதா?"

"அத்தைக்கு நம்ம பேச்சு தெரியாது. எனக்கு அவங்க பேச்சு தெரியாது. நடுவுல நின்னவ அவதான். அவ போன அன்னைக்குப் போன் பண்ணேன். அவ பேரை மட்டும் சொன்னேன். அத்தைக்குப் புரிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் ரெண்டு பேரும் சும்மா போனைப் பிடிச்சுக்கிட்டு இருந்தோம். கார்டுல காசு தீர்ந்து தானா கட் ஆயிடுச்சு."

"அவங்க கைப்பட எழுதினது ஏதாவது? பாஸ்போர்ட்டு?"

"பாஸ்போர்ட்டுல இங்கிலீஷுதான். அவங்கம்மா போட்ட லெட்டர் ஒரு கட்டு இருந்துச்சு. என் தங்கச்சி அதை அவ தலைமாட்டுல வச்சுட்டா. அவ பொருள் அவளோட போகட்டும்னு. நல்ல எண்ணத்துலதாங்க செஞ்சா."

அதற்கு மேல் கேட்க எதுவும் இல்லாததைப் போலிருந்தது. வெளியே மெஷின் அண்ணன் தார்ப்பாயை இழுத்துக் கல்லை மூடும் ஓசை கேட்டது. லிஃப்ட்காரர் எழுந்தார். எழுந்தவர் மீண்டும் உட்கார்ந்தார்.

"அவ சாப்பாட்டு டப்பா ஒண்ணு இருக்குங்க" என்றார். "சலவைக் கூடத்துல எல்லாருக்கும் ஒரே மாதிரி எவர்சில்வர் டப்பா. மாறிடக் கூடாதுன்னு மூடியில ஆளாளுக்கு அடையாளம் போட்டுக்குவாங்க. இவளும் நகப்பூச்சுல என்னமோ போட்டிருந்தா. சிவப்பா. நான் அதைப் பூவுன்னு நினைச்சேன்."

"மூணு பூவா?"

அவர் கண்ணை மூடிப் பார்த்தார். "ஆமாங்க. வரிசையா, மூணு."

"போய் எடுத்துட்டு வாங்க."

அவர் அசையவில்லை. "துடைச்சுட்டேங்க."

"என்னது?"

"போன வாரம். தங்கச்சி அந்த டப்பாவைத் தன் பிள்ளைக்குக் கேட்டா. அழுக்கோட குடுக்கக் கூடாதேன்னு தின்னர் போட்டுத் துடைச்சுட்டேன். என் பையில எப்பவும் தின்னர் இருக்கும். ஒரு துளிகூட விடாம எடுத்தேன். நான் எதையும் அரைகுறையா செய்யறவன் இல்லீங்க."

புள்ளியக்கா இதுவரை எத்தனையோ வீட்டாருக்குத் தகுந்த சொல்லைத் தேடிக் கொடுத்திருக்கிறாள். இந்த முறை பேசியது கதவருகே வந்து நின்ற மெஷின் அண்ணன்தான்.

"குடுத்துட்டீங்களா டப்பாவை?"

"இன்னும் இல்லீங்க."

"அப்போ கொண்டு வாங்க. மழையில கரைஞ்சுபோன கல்லையே வாசிச்சுக் குடுத்திருக்கோம். எவர்சில்வர் என்ன பெரிய எவர்சில்வர்."

டப்பா வந்தபோது மழை தொடங்கியிருந்தது. லிஃப்ட்காரர் அதைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தார். மூடி வெறும் மூடியாக இருந்தது. வருடக்கணக்காகத் தேய்த்துத் தேய்த்து மங்கிப்போன எஃகு. அதில் சிவப்பு என்று சொல்ல ஒரு பொட்டுக்கூட இல்லை. மெஷின் அண்ணன் அறை விளக்கை அணைத்தார். தேய்ந்த கல்லை வாசிக்கும்போது செய்வதைப் போல, டார்ச்சை மூடியின் விளிம்போடு படுக்கவைத்துப் பிடித்தார். ஒளி மூடியின் மேல் சாய்வாக ஊர்ந்தது.

"கொஞ்சம் திருப்புங்க" என்றாள் புள்ளியக்கா. "இன்னும் கொஞ்சம். அங்கேயே நிறுத்துங்க."

மூடி முழுக்க நார்த் தேய்ப்பின் மெல்லிய கீறல்கள். அந்த மங்கலின் நடுவே, பூச்சு மூடியிருந்த இடம் மட்டும் கீறல் படாமல், புதுசாக வாங்கிய நாளின் பளபளப்போடு இருந்தது. மூன்று உருவங்கள். முதலாவது பாதிதான் தெரிந்தது. இரண்டாவது கலங்கியிருந்தது. மூன்றாவது கோடு கோடாகத் தெளிவாக நின்றது.

"யாரு இதை இப்படித் தேய்ச்சது?" என்று கேட்டார் மெஷின் அண்ணன்.

"நான்தாங்க. ராத்திரி பாத்திரம் கழுவறது என் வேலை."

புள்ளியக்கா தாள்களை ஒளிக்குள் கொண்டுவந்தாள். முதல் தாளின் மூன்றாம் எழுத்தை மூடிக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒட்டவில்லை, ஒரு கோடுகூட ஒட்டவில்லை. இரண்டாம் தாளை வைத்தாள். கையெழுத்துக்கும் அச்சுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கழித்துவிட்டுக் கோடுகளை ஒவ்வொன்றாகப் பென்சில் முனையால் தொட்டுக்கொண்டே போனாள். கடைசிக் கோடு வரை ஒத்து வந்தது. பிறகு இரண்டாம் எழுத்தில் தெரிந்த மட்டும், முதல் எழுத்தில் தெரிந்த மட்டும். எங்கும் முரண் இல்லை.

"இதுதாங்க உங்க வீட்டம்மா பேரு" என்று இரண்டாம் தாளை அவர் பக்கம் நகர்த்தினாள்.

அவர் தாளைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாக, தார்ப்பாய் மூடிய கல்லைப் பார்த்தார். "அப்போ அதுல இருக்கறது யாருங்க?"

"யாருமில்ல."

"பேரு மாதிரியே இருக்கே."

"இருக்கும். ஆனா யாருமில்ல."

அதற்குள் திரும்பி வந்து நின்ற தம்பி பேசினான். "கல்லை இழைச்சு எடுத்து மறுபடி வெட்டிக் குடுத்துடறோம்ணே. நீங்க எதுவும் தர வேண்டாம். ஆனா ஞாயித்துக்கிழமைக்கு முடியாது. சொந்தக்காரங்க வந்து வெறும் மண்ணைத்தான் பார்க்கணும்."

"பரவாயில்லீங்க. அவங்களுக்கும் வாசிக்கத் தெரியாது."

புள்ளியக்கா பேனாவை எடுத்தாள். இந்த முறை நீட்டவில்லை. "வாய்விட்டு வாசிங்க" என்றாள்.

லிஃப்ட்காரர் தமிழ் வரிகளை வாசித்தார். மூன்று எழுத்துகளுக்கு வந்தார். விரலை முதல் எழுத்தின் மேல் வைத்து, மனைவியை அழைப்பதைப் போலவே மெதுவாக, எழுத்துக்கு ஒரு சத்தமாகச் சொன்னார். இரண்டு எழுத்தோடு பெயர் முடிந்துவிட்டது. விரல் மூன்றாவதன் மேல் நின்றது.

"நான் கூப்பிடறது ரெண்டு சத்தம்தாங்க. இங்கே மூணு இருக்கே?"

"முன்னாடி இருக்கறது குடும்பப் பேரா இருக்கும்" என்றாள் புள்ளியக்கா. "அவங்க அப்பா வழியில வர்றது."

"அப்படின்னா பின்னாடி ரெண்டும்தான் நான் கூப்பிட்டது" என்றார். விரலைத் தூக்கி, இரண்டாவதில் வைத்து, மறுபடியும் சொன்னார். இப்போது சரியாக முடிந்தது. முதல் எழுத்தை என்ன சத்தத்தில் சொல்வது என்பது அந்த அறையில் யாருக்கும் தெரியவில்லை.

கீழ் வரி மிச்சமிருந்தது. எட்டு எழுத்து. அதற்கு ஒப்பிடுவதற்கு எந்த டப்பாவும் இல்லை. மேல் வரிக்குச் சரியாக வந்த அட்டவணை கீழ் வரிக்கும் சரியாகத்தான் வரும் என்பது அறிவுக்குத் தெரிந்தது. ஆனால் வாசித்துச் சரிபார்க்காத ஒரு வரியை அவள் இதுவரை கல்லுக்கு அனுப்பியதில்லை. அல்லது, ஒரே ஒருமுறை அனுப்பியிருந்தாள். அது வெளியே நனைந்துகொண்டிருந்தது.

"இதுல என்னங்க எழுதியிருக்கும்?" என்று கேட்டார் லிஃப்ட்காரர்.

"தெரியல. உங்க மாமியார் சொன்னது."

"என்னைத் திட்டிக்கூட எழுதியிருக்கலாம். பொண்ணைக் கூட்டிட்டுப் போனவனை வேற என்ன சொல்லுவாங்க?"

"திட்டாவே இருக்கட்டும்" என்றாள் புள்ளியக்கா. "அதையும் சரியா வெட்டணும்."

அவர் கையெழுத்துப் போட்டார். கீழே, அவருடைய கையெழுத்துக்குப் பக்கத்தில், அவளும் போட்டாள். அப்படி ஒரு வழக்கம் பட்டறையில் இருந்ததில்லை. தம்பி அதைப் பார்த்தான். எடிட்டரை மூடியபோது, மாற்றங்களைச் சேமிக்கவா என்று அது கேட்டது. வேண்டாம் என்றாள்.

மழை விடவில்லை. மெஷின் அண்ணன் கூரைக்கடியில் கல்லை இழுத்துப் போட்டு இழைக்கும் சக்கரத்தை ஓட்டினார். யாருமில்லாதவரின் மூன்று எழுத்துகளும் ஆழம் குறைந்துகொண்டே வந்தன. லிஃப்ட்காரர் டப்பாவின் மூடியைக் கைக்குட்டையில் சுற்றினார். வாசல் வரை போனவர் நின்றார்.

"இதை இனிமே கழுவலாமாங்க?"

புள்ளியக்கா யோசித்தாள். எதையும் யோசித்துத்தான் சொல்வாள்.

"தண்ணி மட்டும் ஊத்துங்க" என்றாள். "தேய்க்காதீங்க."